கிளி, குரங்கு, கோட்டை: ஒரு துபாஷியின் பி.ஆர். பாடங்கள்

சென்னையிலிருந்து வடக்கே போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதைப் பார்த்திருப்பார்கள். அதுதான் தடா. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. மறுபக்கம் கொஞ்சம் உள்ளே போனால் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் ஸ்ரீசிட்டி. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. சென்னை இளைஞர்களுக்குத் தடா என்றால் அருவி. அவர்களைப் பெற்றவர்களுக்குத் தடா என்றால், "எங்கடா போயிருந்த?" என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில்.

எனக்குத் தடா என்றால் பி.ஆர். தொழிலின் குலதெய்வக் கோயில் இருக்க வேண்டிய இடம். சின்னதாக ஒரு மக்கள் தொடர்பு கம்பெனி நடத்துகிறவன் என்னென்ன படுவானோ, அத்தனையையும் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வட்டாரத்து ஆட்கள் பட்டு முடித்துவிட்டார்கள். வடக்கே துர்க்கராஜபட்டினம், தெற்கே பழவேற்காடு, மேற்கே சந்திரகிரி. இந்த மூன்றுக்கும் நடுவில் தடா. மூன்று இடங்களுக்கும் நடையாய் நடந்து, வெள்ளைக்காரனுக்கு ராஜாவையும் ராஜாவுக்கு வெள்ளைக்காரனையும் விளக்கிச் சொன்ன ஆட்களுக்கு அன்றைக்குத் துபாஷி என்று பெயர். இன்றைக்கு விசிட்டிங் கார்டில் 'கம்யூனிகேஷன் கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொள்கிறோம். வருமானம் ஏறக்குறைய அதேதான்.

கதையை 1611-இல் தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மசூலிப்பட்டினத்தில் கடை போட்டார்கள். அங்கே கோல்கொண்டா அதிகாரிகள் ஆளுக்கொரு கை நீட்டினார்கள். தெற்கே நகரலாம் என்று பார்த்தால் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இலேயே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் கடலோரமாக ஒரு மூலை கிடைத்தது. அதுதான் துர்க்கராஜபட்டினம். 1626 வாக்கில் அங்கே இங்கிலீஷ்காரர்கள் பண்டகசாலை வைத்தார்கள்.

அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் ஆறுமுக முதலியார் என்ற உள்ளூர்ப் பெரியவர் என்பது மரபு. அவர் செய்த உதவிக்கு நன்றியாகக் கம்பெனிக்காரர்கள் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்களாம். 'ஆர்மகான்' என்று. ஆறுமுகம் என்று சொல்ல நாக்கு வளையவில்லை. வளைந்த வரைக்கும் வைத்தார்கள். முதலியார் தன் பெயரை வரைபடத்தில் தேடிப் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது.

முதல் பாடம் இங்கேயே வந்துவிட்டது. 'உங்க பேரைப் போடறோம் சார்' என்று ஒரு கிளையன்ட் தானாக முன்வந்து சொன்னால், பணம் வராது என்று அர்த்தம். போடுகிற பெயரும் எழுத்துப் பிழையோடு இருக்கும்.

ஆர்மகானில் பன்னிரண்டு பீரங்கிகளை ஏற்றி வைத்துப் பந்தாவாக உட்கார்ந்தார்கள். பீரங்கி இருந்தது, வியாபாரம் இல்லை. அங்கே கிடைத்த துணி, கப்பலேற்ற லாயக்கில்லாத ரகம். ஆபீசுக்கு ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, வாசலில் செக்யூரிட்டியும் நிறுத்திவிட்டு, 'கிளையன்ட் எங்கே?' என்று கேட்கிற கம்பெனிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஆர்மகானின் பொறுப்பாளராக இருந்தவர் பிரான்சிஸ் டே. குடி, சூதாட்டம் என்று அவரைப் பற்றிச் சக ஊழியர்களே முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் ஆளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. 1637-இல் கடற்கரையோரமாகப் பாண்டிச்சேரி வரை போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். 1639-இல் அவர் கண் பட்ட இடம் மதராசப்பட்டினம். அலை முரட்டுத்தனமானது, துறைமுகம் கிடையாது, கப்பல் எங்கோ நடுக்கடலில் நிற்க வேண்டும், சரக்கையும் மனிதர்களையும் படகில் வைத்து உருட்டிக் கொண்டுவர வேண்டும். வியாபாரத்துக்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

மேலிடத்துக்கு இதை எப்படி விற்பது? டே ஒரு எண்ணைக் கையில் எடுத்தார். இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவிகிதம் மலிவு என்றார். அலையைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் எல்லாம் சதவிகிதத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

எண் சொன்னால் அடுத்த கேள்வி வராது. இது இரண்டாவது பாடம். எங்கள் தொழிலில் 'நல்ல வரவேற்பு' என்று பிரஸ் ரிலீஸ் அனுப்பினால் குப்பைக் கூடைக்குப் போகும். '20 சதவிகிதம் கூடுதல் வரவேற்பு' என்று அனுப்பினால் நாலாம் பக்கத்தில் வரும்.

ஆனால் ஊர் வாய் வேறு காரணம் சொன்னது. பக்கத்தில் போர்த்துக்கீசியரின் சாந்தோமில் டேக்கு ஒரு காதலி இருந்தாராம்; போக வர வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தாராம். அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல்காரர் 1727-இல் வெளியான தன் பயணநூலில் இந்த வம்பை அச்சிலேயே ஏற்றிவிட்டார். டே எழுதிய வியாபாரக் கடிதங்களை ஆராய்ச்சியாளர்கள் மட்டும்தான் படிக்கிறார்கள். காதலி கதை சென்னை ஆட்டோக்காரர் வரை தெரியும். நாம் அனுப்புகிற செய்தி மூன்று நாள் ஓடும், நாம் மறைக்கிற செய்தி முந்நூறு வருஷம் ஓடும் என்பது மூன்றாவது பாடம்.

இடம் யாருடையது? விஜயநகர அரசின் கடைசிக் காலம். ராயர் சந்திரகிரி, வேலூர் பக்கம் இருந்தார். கடலோரம் தமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கையில். அவர் இருப்பு வந்தவாசி. பூந்தமல்லியில் இருந்து நிர்வாகம் பார்த்தவர் தம்பி அய்யப்ப நாயக்கர். இந்த அண்ணன் தம்பியிடம் டேயை அழைத்துப்போய்ப் பேசி முடித்தவர் என்று மரபு காட்டுகிற ஆள் பேரி திம்மப்பா. டேயின் துபாஷி. தெலுங்கு வணிகர். நம் கதாநாயகர் அவர்தான்.

வேங்கடாத்ரி நாயக்கருக்கு இங்கிலீஷ்காரர்கள் எதற்கு? கம்பெனிக் கடிதங்களில் அவருடைய எதிர்பார்ப்புகள் பதிவாகியிருக்கின்றன. நாடு செழிக்க வேண்டும் என்பது முதலாவது. பாரசீகக் குதிரை வேண்டும் என்பது இரண்டாவது. அடுத்தது, தன் ஆளை வருஷா வருஷம் வங்காளத்துக்கு அனுப்பிப் பருந்து, குரங்கு, கிளி மாதிரியான விளையாட்டுச் சாமான்கள் வாங்கி வர வசதி. கடைசியில், வம்பு பண்ணும் அக்கம்பக்கத்துக்காரர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்ற உறுதியான ஒரு கோட்டை.

பி.ஆர். தொழிலில் இருக்கிற எவனும் இந்தப் பட்டியலைப் படித்ததும் எழுந்து நின்று கும்பிடுவான். இதுதான் உலகின் எல்லா கிளையன்ட் பிரீஃபும். முதல் வரி நாட்டுக்காக. இரண்டாவது வரி கௌரவத்துக்காக. மூன்றாவது வரியில் கிளி, குரங்கு. கடைசி வரியில் உயிர்பயம். கத்துக்குட்டி முதல் வரியை வைத்துக்கொண்டு நாற்பது ஸ்லைடு போடுவான். தேர்ந்தவன் கடைசி வரிக்கு வேலை செய்துவிட்டு, மூன்றாவது வரியை மறக்காமல் தீபாவளிக்கு அனுப்பி வைப்பான். திம்மப்பா தேர்ந்தவர். சென்னை என்ற மாநகரம் ஒரு நாயக்கருக்குக் கிளி வாங்கும் ஆசை இருந்ததாலும் ஓரளவு உருவானது என்பதைப் பாடப்புத்தகத்தில் போடாதது வருத்தம்தான்.

ஒப்பந்தம் எழுதப்பட்டது. சில பிரதிகளில் தேதி 1639 ஜூலை 22. டே மதராசப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்ததே ஜூலைக் கடைசியில்தான். ஆள் வருவதற்கு முன்பே ஆவணம் ரெடி. பில்லுக்கு முன்தேதி போடும் கலை அன்றே வளர்ந்திருந்தது போலிருக்கிறது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் தலையைச் சொறிந்து, சரி, ஆகஸ்ட் 22 என்று வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். இன்று ஊரே கேக் வெட்டுகிற 'மெட்ராஸ் டே' அந்தத் தேதியில்தான்.

இடத்திலும் குழப்பம் உண்டு. சந்திரகிரி ராஜமஹாலில் ராயரே கொடுத்தார், தங்கத் தகட்டில் எழுதிக் கொடுத்தார், 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராசைப் பிடித்தபோது தகடு தொலைந்துபோனது என்று ஒரு கதை. காகிதத்தில் இருப்பதோ நாயக்கரின் பெயர். தங்கத் தகடு எப்போதுமே தொலைந்துதான் போகும். காகிதம் மிஞ்சும். எங்கள் தொழிலிலும் வாய்மொழியாகக் கொடுத்த வாக்கெல்லாம் தங்கத் தகடுதான்.

நிர்வாக உரிமையின் காலம் இரண்டு வருஷம். துறைமுக வருமானத்தில் பாதி கம்பெனிக்கு. சொந்த நாணயம் அடித்துக்கொள்ளவும் அனுமதி. இரண்டு வருஷ டிரையல் என்று வந்தவர்கள் 1947 வரை காலி செய்யவில்லை. ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி எழுதுவது வேறு, அந்தத் தேதியில் கதவைச் சாத்துவது வேறு என்பது நாலாவது பாடம்.

இனி உச்சக்கட்டம். கோட்டையை நாயக்கரே தன் செலவில் கட்டித் தருவார் என்று டே புரிந்துகொண்டார். அதை நம்பித்தான் மேலிடமும் தலையாட்டியது. 1640 பிப்ரவரி 20 அன்று ஏஜென்ட் ஆண்ட்ரூ கோகனும் டேயும் இரண்டு கப்பலில், சுமார் 25 சிப்பாய்களோடு மதராசப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். ஆர்மகான் கடைக்கு ஷட்டர் போட்டாயிற்று. மூட்டை முடிச்சோடு வந்து நின்று, கோட்டைக் காசு எங்கே என்று கேட்டால், நாயக்கர், அப்படியொரு வாக்கு நான் கொடுக்கவே இல்லையே என்கிற மாதிரி கைவிரித்தார்.

இந்த இடத்தில் துபாஷியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் டே, மறுபுறம் நாயக்கர். நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள். அவர் ஒருவருக்குத்தான் அந்தப் பேச்சில் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரியும். அன்றைக்கே எல்லாவற்றையும் தெள்ளத்தெளிவாக மொழிபெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'கோட்டை உங்க செலவா, எங்க செலவா?' என்ற கேள்வி அங்கேயே வெடித்திருக்கும். டே குதிரை ஏறியிருப்பார். நாயக்கர் தூங்கப் போயிருப்பார். சென்னையே இருந்திருக்காது. இரண்டு பேரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, இரண்டு பேரும் சந்தோஷமாகக் கைகுலுக்கிய அந்த நாளில்தான் இந்த நகரம் பிறந்தது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, 'ஒரு சின்ன விளக்கம் கேட்டுக்கலாமா?' என்று கையைத் தூக்குகிறவனுக்கு இந்தத் தொழில் லாயக்கில்லை. அதேபோல், பிறகு சண்டை வரும்போது மொழிபெயர்ப்பில்தான் தப்பு என்று எல்லா விரல்களும் நம்மை நோக்கியே நீளும் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். இது ஐந்தாவது பாடம். பாடங்களிலேயே விலை அதிகமானதும் இதுதான்.

கோட்டை எழும்பியது, கடன் வாங்கி. அந்தக் கடனுக்கு வட்டியைத் தானே தருவதாகக்கூட டே சொல்லிப் பார்த்தார். கிளையன்டைத் தக்கவைக்கச் சொந்தக் கிரெடிட் கார்டைத் தேய்த்த முதல் ஆள் அவராக இருக்கலாம். 1640 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் அன்று முதற்கட்டம் முடிந்ததாகச் சொல்லி, கோட்டைக்கு அந்தப் புனிதரின் பெயரையே வைத்தார்கள். லண்டன் தலைமையகம் மகிழ்ந்து மாலை அனுப்பியதா? இல்லை. யாரைக் கேட்டு இவ்வளவு செலவு என்று கேட்டது. கோகன் பின்னால் ஊர் திரும்பியதும் கோட்டை கட்டியதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. உலகப் பேரரசுக்கு அஸ்திவாரம் போட்ட செலவை ஓர் அக்கவுண்டன்ட், 'வவுச்சர் இருக்கா?' என்ற கண்ணோடுதான் பார்த்திருக்கிறார்.

பெயர் சூட்டல் இன்னும் வேடிக்கை. இடத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயர் மதராசப்பட்டினம். நாயக்கர் குடும்பத்துக்கு, அப்பா சென்னப்ப நாயக்கர் பெயரில் சென்னப்பட்டினம் என்று இருக்க வேண்டும் என்று ஆசை. சரி என்றார்கள். 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் புதிதாக ஒரு பட்டயம் கொடுத்தார். அதில் ஊர் பெயர் ஸ்ரீரங்கராயபட்டினம்! அதற்கும் சரி என்றார்கள். ஒரே மேடைக்கு மூன்று டைட்டில் ஸ்பான்சர். யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. மூன்று பேரும் தம் பெயர்தான் நிலைத்தது என்று நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்கள். இங்கிலீஷ்காரர்கள் தம் கடிதங்களில் மெட்ராஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதில் நாயக்கருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் 1996-இல் தமிழக அரசு நிறைவேற்றி, ஊரைச் சென்னை என்று அறிவித்தது. 357 வருஷம் தாமதமான டெலிவரி. பெயர்க் காரணத்துக்கு வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை. என் கிளையன்ட் யாராவது, 'போன மாசம் சொன்ன கவரேஜ் இன்னும் வரலியே?' என்று கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

போட்டி ஏஜென்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு இதே வேலையைப் பார்த்தவர் சின்னண்ணச் செட்டி. மலையா என்றும் சொல்வார்கள். டச்சுக்காரர்களுக்கு வியாபாரத் தரகு, ராயர் சபையில் செல்வாக்கு என்று இரண்டு படகிலும் கால். தமர்ல நாயக்கர், கோல்கொண்டாவோடு ரகசியப் பேச்சு வைத்திருக்கிறார் என்ற சந்தேகத்தில் ராயரின் கோபத்துக்கு ஆளாகிச் சரிந்தபோது, லாபம் அடைந்தவர்களில் இந்த மலையாவும் ஒருவர். அடுத்து ராயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் முட்டிக்கொண்டது. இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சந்தில் நுழைந்துதான் 1645 பட்டயத்தை வாங்கினார்கள். அது வந்து இரண்டு வருஷத்துக்குள் ராயர் ஆட்சியே இந்தப் பக்கம் கலகலத்தது. கோல்கொண்டாவின் மீர் ஜும்லா வந்தார். 1647-இல் அவரிடமும் போய் அதே உரிமைகளுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். எட்டு வருஷத்தில் மூன்று ஆட்சி, ஃபைல் ஒன்றேதான். அமைச்சர் மாறினால் அழுதுகொண்டிருக்கக் கூடாது, அட்டையை மட்டும் மாற்றி மறுபடி நீட்ட வேண்டும் என்பது ஆறாவது பாடம்.

சரி, திம்மப்பாவுக்கு என்ன கிடைத்தது? கம்பெனியின் தலைமை வணிகர் என்ற அந்தஸ்து கிடைத்தது. ஆர்மகானில் வெடிமருந்து செய்துகொண்டிருந்த நாகபட்டனும் கம்பெனியோடு சென்னைக்கு வந்தவர். சென்னகேசவப் பெருமாள் கோயிலோடு இந்த இருவர் பெயரும் சேர்ந்து அடிபடுகிறது. 1646 தேதியிட்ட ஆவணம் நாகபட்டன் பெயரில், 1648 தேதியிட்டது திம்மப்பா பெயரில். ஒரு வேலைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவது எங்கள் தொழிலின் பழைய வியாதி. கோயிலையே 1757-இல் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கம்பெனி இடித்துவிட்டது. பின்னால் வேறிடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பழைய இடத்தில் இன்று உயர் நீதிமன்றம். கிரெடிட் யாருக்கு என்ற வழக்கை அங்கேயே போடலாம்.

திம்மப்பாவின் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சொற்பமாகத் தெரிவதற்குக் காரணம், அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. நூறு வருஷம் கழித்துப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இந்தத் தவறைச் செய்யவில்லை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதித் தள்ளிவிட்டார். கவர்னர் என்ன சொன்னார், யார் எவ்வளவு கொடுத்தார், கவர்னரின் மனைவி எப்படியெல்லாம் குறுக்கே வந்தார், எல்லாம் அதில் இருக்கிறது. கிளையன்டைவிடக் கிளையன்டின் வீட்டம்மாவிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு உலக இலக்கியத்தில் இதைவிட நீண்ட சான்று கிடையாது. இன்று துய்ப்ளேக்ஸைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பிள்ளையின் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மினிட்ஸ் எழுதியவன்தான் கடைசியில் ஜெயிக்கிறான்.

எதிர்த்திசையில் போனவர் அவதானம் பாப்பையா. 1789 வாக்கில் மெட்ராஸ் கவர்னர் ஹாலண்டுக்கும் அவர் தம்பிக்கும் துபாஷி. அவர் வீட்டு வாசலில் நிற்காமல் கவர்னரைப் பார்க்க முடியாது என்ற நிலை. தமக்குப் பிடிக்காத ஓர் இங்கிலீஷ் அதிகாரியைச் சதி செய்து மாட்டிவிட்டதாக 1792-இல் வழக்கு நடந்து, தண்டனை வாங்கினார். வால்டர் ஸ்காட் அவரை ஒரு நாவலில் வில்லனாகவே சேர்த்துவிட்டார். சூளையில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. கிளையன்டின் எதிரியை நம் எதிரியாக எடுத்துக்கொண்டால் கிளையன்ட் கப்பலேறிப் போய்விடுவான், கோர்ட்டில் நிற்பது நாம்தான்.

மறுபடி தடாவுக்கு வருவோம். ஆறுமுக முதலியார் பெயர் கொடுத்த துர்க்கராஜபட்டினம் 2014-இல் திடீரென்று பெரிய மனிதனாயிற்று. ஆந்திரப் பிரிவினைச் சட்டத்தில், அங்கே மத்திய அரசு ஒரு பெரிய துறைமுகம் கட்டும், முதற்கட்டம் 2018 முடிவுக்குள் தயாராகும் என்று அச்சடித்தே எழுதினார்கள். பக்கத்தில் ராக்கெட் தளம், பறவைகள் சரணாலயம் என்று தடைகள் வரிசையாக வந்தன. 2018 வந்தது, போனது, துறைமுகம் வரவில்லை. நாயக்கர் கட்டித் தருவதாகச் சொன்ன கோட்டைக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் ஊர் மண் ஒன்று.

ஸ்ரீசிட்டியில் இன்றும் கொரியாக்காரரும் ஜப்பான்காரரும் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ளூரையும், உள்ளூருக்கு அவர்களையும் விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்படும்வரை திம்மப்பாவின் தொழில் அழியாது. புதிதாக இதில் இறங்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பெயரைப் போடுவதாகச் சொன்னால் நன்றி சொல்லுங்கள், சதவிகிதத்தைச் சொல்லுங்கள், கிளியை மறக்காதீர்கள், தினமும் டைரி எழுதுங்கள். ஆனால் கோட்டைச் செலவு யாருடையது என்ற பேச்சு வருவதற்கு முன்பே உங்கள் அட்வான்ஸை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். பேரரசே வந்தாலும் பாக்கி வராது.